வானமும் பாறையும் ஒரே படத்தில்

திண்டிவனத்திலிருந்து மேற்கே, செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் ஒரு முறையேனும் பயணம் செய்தவர் அந்தப் பாறைக் குன்றுகளை மறந்திருக்க மாட்டார். கூழாங்கற்களைக் குவித்துவைத்தாற்போல் பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பாறையின் பழுப்பு நிறம், இடுக்குகளில் வேரூன்றிய செடிகளின் பசுமை, உச்சியில் கோட்டை மதில், அதற்கு மேல் நீல வானம், வானத்தில் வெண்மேகம் ஆகிய எல்லாவற்றையும் நம் கண் ஒரே நோக்கில் கண்டு மகிழ்கிறது. அதே காட்சியைக் காமிராவில் பிடித்து வந்து வீட்டில் பார்க்கும்போது பலருக்கும் ஏமாற்றமே மிஞ்சுகிறது. குன்று தெளிவாக விழுந்திருந்தால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகக் காணப்படுகிறது. வானம் நன்றாக அமைந்திருந்தால் குன்று கரிக்கட்டையாகிவிடுகிறது. இது ஏன் நிகழ்கிறது, எவ்வாறு தவிர்க்கலாம் என்பதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். படத்தைக் காட்ட இயலாத வானொலியில் படக்கலையைப் பற்றிப் பேசுவது சற்றுத் துணிச்சலான காரியந்தான். ஆயினும் நான் கூறும் இடங்கள் விழுப்புரம் மாவட்டத்து மாணவர்கள் பேருந்தில் ஏறிச் சென்று காணக்கூடியவை. ஆகவே என் சொற்களை அங்கேயே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் கண்ணுக்கும் காமிராவுக்கும் உள்ள வேற்றுமையை உணரவேண்டும். நாம் ஒரு காட்சியைப் பார்க்கும்போது கண் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதில்லை. மேகத்தைப் பார்க்கையில் அதன் ஒளிக்கேற்பவும், பாறை நிழலைப் பார்க்கையில் அந்த இருளுக்கேற்பவும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. மூளை இவ்விரண்டையும் இணைத்து ஒரே காட்சியாக நமக்குத் தருகிறது. காமிராவோ ஒரு கணத்தில், ஒரே அளவு ஒளியை ஏற்று, அத்துடன் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. அந்த அளவையே எக்ஸ்போஷர் என்கிறோம். நான் ஒளியளவு என்று குறிப்பிடுகிறேன். லென்ஸின் துவாரம் எவ்வளவு விரிந்திருக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்ற இரண்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. ஒளியளவை இரு மடங்காக்கினால் ஒரு படி ஏற்றினோம் என்றும், பாதியாக்கினால் ஒரு படி இறக்கினோம் என்றும் கூறுவர். ஐந்து படி என்றால் 32 மடங்கு; பத்துப் படி என்றால் 1,024 மடங்கு. படிகள் இவ்வாறு பெருக்கத்தில் வளர்வன என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

நண்பகலில் செஞ்சியில் ஒரு மண்டபத்தின் உட்புற இருளுக்கும், அதற்கு மேலே வெயிலில் பளபளக்கும் மேகத்துக்கும் இடையே பத்துப் படி வேற்றுமை எளிதில் அமைந்துவிடும். முன்னாளைய வண்ண ஸ்லைடு பிலிம் ஐந்து அல்லது ஆறு படிகளையே தாங்கியது. இன்றைய நல்ல டிஜிட்டல் காமிரா பன்னிரண்டு படிகளுக்கு மேலும் பதிவு செய்யும். ஆனால் காகிதத்தில் அச்சிடும்போது, தாளின் வெண்மைக்கும் மையின் கருமைக்கும் உள்ள வேற்றுமை ஏறத்தாழ 100 மடங்குதான். அதாவது ஏழு படிக்கும் குறைவு. எனவே எத்தனை விலையுயர்ந்த காமிராவாயினும், இறுதியில் எதைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு படம் பிடிப்பவருடையதே.

அந்தத் தீர்மானத்தைக் காமிராவிடமே விட்டுவிடலாகாதா என்று கேட்பீர்கள். காமிராவினுள் உள்ள ஒளிமானிக்கு எது பாறை, எது வானம் என்று தெரியாது. தன்முன் உள்ளதெல்லாம் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறமுடையது, அதாவது தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புவது என்று கருதிக்கொண்டு அது கணக்கிடுகிறது. திண்டிவனம் என்னும் பெயர் புளியங்காட்டைக் குறிக்கும் ‘திந்திரிணி வனம்’ என்பதிலிருந்து வந்ததென்பர். அப்படிப்பட்ட அடர்ந்த புளியமரம் ஒன்று படத்தின் பெரும்பகுதியை நிரப்பினால், ஒளிமானி இருளைக் கண்டு அஞ்சி ஒளியளவை ஏற்றிவிடும். மரத்தின் பின்னாலுள்ள வானம் வெளுத்துப்போகும். மாறாக, படத்தின் முக்கால் பங்கு வானமாயின் ஒளிமானி அளவை இறக்கும். மரம் வெறும் நிழலுருவாகும். இன்றைய காமிராக்களிலும் கைப்பேசிகளிலும் இக்குறையை ஈடுசெய்யும் நுட்பங்கள் பல புகுந்துள்ளன என்பது உண்மையே. எனினும் அவையும் ஊகங்களே.

காமிராவின் கணக்கில் எங்கே தவறினால் மீள முடியாது என்பதை அறிவது இன்னும் முக்கியமானது. மழைநாளில் முற்றத்தில் வரிசையாகக் குடங்களை வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். டிஜிட்டல் காமிராவின் உணர்தகட்டில் உள்ள இலட்சக்கணக்கான நுண்புள்ளிகள் அத்தகைய குடங்களே. அவை நீருக்குப் பதிலாக ஒளியைச் சேர்க்கின்றன. பாதி நிரம்பிய குடத்தில் எவ்வளவு நீர் விழுந்தது என்று அளந்துவிடலாம். அடியில் சிறிதளவே நீர் தேங்கிய குடத்தையும், ஓரளவு ஐயத்துடன், அளக்கலாம். நிரம்பி வழிந்துவிட்ட குடத்தில் வழிந்தோடியது ஒரு குவளையா, ஓர் அண்டாவா என்று எவராலும் கூற முடியாது. வெளுத்துப்போன மேகம் இத்தகைய நிரம்பிய குடம். அதில் மடிப்பு இருந்ததா, நிழல் இருந்ததா என்பது அழிந்தே போயிற்று. எந்த மென்பொருளும் அதை மீட்டுத் தராது. இருண்ட பாறையையோ பின்னர் வெளிச்சப்படுத்திக்கொள்ளலாம். சற்றே மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும், அவ்வளவே. ஆகவே டிஜிட்டல் காமிராவில், பிரகாசமான வானம் உள்ள காட்சியில், வானத்துக்கு அளந்து, பாறையைப் பிறகு தூக்கிக்கொள்வதே முறை.

நெகடிவ் பிலிம் காலத்தில் கூறப்பட்ட விதி இதற்கு நேர் எதிரானது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நெகடிவில் மிகையான ஒளி அடர்த்தியாகப் படியும்; அச்சிடும் அறையில் அதைத் தணித்துக்கொள்ளலாம். குறைந்த ஒளி விழுந்த இடத்திலோ பிலிம் வெறுமையாகவே இருக்கும். எனவே ‘நிழலுக்கு அளந்து பிடி’ என்றார்கள். வீட்டிலுள்ள தாத்தாவின் காமிராவையும் அவருடைய பழைய கையேட்டையும் சேர்த்துப் பெற்ற மாணவர்கள் இந்த வேற்றுமையை மறக்கலாகாது. அந்த விதி பொய்யன்று. அது வேறொரு பொருளுக்கு எழுதப்பட்டது.

வானம் படம் பிடிப்போருக்குத் தொல்லை தந்தது இன்று நேற்றன்று. 1858ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கத்தின் படப்பிடிப்பாளராக மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களின் கோயில்களைப் படம் எடுத்த லின்னேயஸ் டிரைப் என்பவர் மெழுகூட்டிய காகித நெகடிவ்களைப் பயன்படுத்தினார். அக்காலத்துப் படப்பொருள்கள் நீல ஒளிக்கே பெரிதும் உணர்ச்சியுடையவை. நீல வானமும் வெண்மேகமும் அவற்றுக்கு ஒன்றே. இரண்டும் சேர்ந்து ஒரே வெறுமையாக விழும். ஆதலின் டிரைப் தம் நெகடிவ்கள் சிலவற்றில் தூரிகை கொண்டு மேகங்களைத் தீட்டினார். அதே பத்தாண்டில் பிரான்சு நாட்டில் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகடிவும் வானத்துக்கு ஒரு நெகடிவுமாக எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். 1873இல் ஜெர்மானியரான ஹெர்மன் ஃபோகெல், சாயங்களைச் சேர்த்தால் படத்தகடு பச்சை ஒளியையும் உணரும் என்று கண்டறிந்தார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906இல் கடைக்கு வந்தன. அதன் பின்னரே லென்ஸுக்கு முன் மஞ்சள் கண்ணாடியைப் பொருத்தி, நீலத்தைத் தடுத்து, மேகத்தை எடுப்பாகக் காட்டும் வழக்கம் பரவிற்று. உதகமண்டலத்தில் 1967இல் உற்பத்தி தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் கறுப்பு வெள்ளைச் சுருள்களைப் பயன்படுத்திய தலைமுறைக்கு அந்த மஞ்சள் கண்ணாடி இன்றியமையாத உடைமை.

இப்போது நிறத்துக்கு வருவோம். நிறம் வேறு, ஒளியளவு வேறு என்று எண்ணுகிறவர்கள் பலர். வானத்தின் நிறம் கெடுவதற்கு ஒளியளவே பெரும்பாலும் காரணம் என்பது என் அனுபவம். முன்பு சொன்ன குடங்கள் உண்மையில் மூவகைப்பட்டவை: சிவப்பு ஒளிக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. நீல வானத்தைப் படமாக்கும்போது முதலில் நிரம்புவது நீலக் குடம். அது நிரம்பிய பின்னும் ஒளியை ஊற்றிக்கொண்டே போனால் நீலம் கூடுவதில்லை. பச்சை மட்டும் ஏறிக்கொண்டே வருகிறது. வானம் பசுநீலமாக, துவைத்த துணியைப் போல மாறுகிறது. பின்னர் பச்சையும் நிரம்பி, சிவப்பும் நிரம்பினால் வெண்மை. சில படங்களில் மேலே நல்ல நீலமும், நடுவில் இயற்கைக்கு ஒவ்வாத ஒருவகைப் பசுநீலமும், கீழே வெண்மையும் பட்டைகளாகத் தெரிவதன் இரகசியம் இதுதான். அப்போது நிறத்தைக் கூட்டும் விசையை வலப்புறம் தள்ளினால் அந்தக் கேடு இன்னும் பளிச்சிடுமே அன்றி நீலம் திரும்பாது. படம் பிடிக்கும்போதே ஒரு படி இறக்கியிருந்தால் விசையைத் தொடவே தேவையிருந்திராது. காமிராவில் உள்ள ஹிஸ்டோகிராம் என்னும் வரைபடத்தை மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே பார்க்க வசதியிருந்தால் நீலக் கோட்டையே முதலில் பாருங்கள். வலது சுவரில் அது முட்டி நின்றால் ஒளி வழிந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் வானமே வெளுத்திருந்தால்? அதுவும் உண்டு. காற்றின் நுண்துகள்கள் நீல ஒளியைச் சிவப்பைவிட நான்கு மடங்குக்கும் மேலாகச் சிதறடிப்பதால் வானம் நீலமாகிறது என்று 1871இல் ராலே பிரபு விளக்கினார். தூசியும் நீர்த்திவலைகளும் பெருகும்போது எல்லா நிறங்களும் ஒன்றுபோலச் சிதறி வானம் பால்போல் வெளுக்கும். தொடுவானத்துக்கு அருகே நாம் காண்பது தடித்த காற்றுப் படலம். அங்கே எப்போதும் வெண்மை மிகும். மே மாத நண்பகலில் விழுப்புரத்துக்கு மேலுள்ள வானத்தில் காப்பதற்கு நீலமே இல்லை. அத்தகைய நாளில் வானத்தைப் படத்திலிருந்து இயன்றவரை ஒதுக்கிவிடுவதே நான் தரும் ஆலோசனை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் எட்டிப்பார்க்கும் நவம்பர், டிசம்பர் நாட்களில் காற்று கழுவிவிட்டாற்போல் இருக்கும். ஆண்டு முழுவதிலும் நான் அந்த நாட்களுக்காகவே காத்திருப்பேன்.

நாளைப் போலவே நேரமும் திசையும் பேசும். திண்டிவனம், விழுப்புரம் ஆகிய ஊர்கள் வடக்கு அட்சரேகை 12 பாகையை ஒட்டியவை. ஏப்ரல் மூன்றாம் வார இறுதியிலும், ஆகஸ்டு மூன்றாம் வார இறுதியிலும் சூரியன் இவ்வூர்களுக்கு நேர் உச்சியில் வரும். செங்குத்தாக நட்ட கோலுக்கு அக்கணம் நிழலே விழாது. வானியல் மாணவருக்கு அது திருநாள். படம் பிடிப்பவருக்கு அவ்வளவு உகந்ததன்று: பாறையின் மேற்புறம் வெந்து வெளுக்க, பக்கங்கள் இருண்டு கிடக்கும். செஞ்சியில் இராஜகிரி சாலைக்கு மேற்கே நிற்கிறது. அதன் உச்சி தரையிலிருந்து ஏறக்குறைய 800 அடி உயரம். காலை ஏழரை மணிக்கு ஊர்ப்பக்கம் நின்று மேற்கு நோக்கினால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பாறையின் முகம் முழுவதும் ஒளி பெறும். சூரியனுக்கு எதிரே உள்ள தெளிந்த நீல வானம், வெயில் படும் நடுத்தரச் சாம்பல் நிறப் பொருளுக்கு ஏறத்தாழ நிகரான ஒளியுடையது. அதாவது வானமும் பாறையும் தாமாகவே சமாதானம் செய்துகொள்கின்றன. எந்த வித்தையும் வேண்டுவதில்லை! மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் குன்றுக்குப் பின்னே போய்விடும். அப்போது குன்றை நிழலுருவாக எடுக்கலாம், அதன் நிறத்தை நாடுவது வீண்.

சூரியனுக்குச் செங்கோணத்தில் உள்ள வானப்பகுதியின் ஒளி பெரிதும் ஒரே தளத்தில் அதிர்வது. போலரைசர் என்னும் கண்ணாடியைச் சுழற்றி அந்த ஒளியைத் தடுத்தால் நீலம் ஆழ்ந்து, மேகம் துலங்கும். காலையிலும் மாலையிலும் வடக்கு, தெற்குத் திசைகள் இதற்கு ஏற்றவை. செஞ்சியில் சாலைக்கு வடபுறமுள்ள கிருஷ்ணகிரிக் குன்று இதற்கென்றே அமைந்ததுபோல் நிற்கிறது. இக்கண்ணாடி ஒன்றரை முதல் இரண்டு படி வரை ஒளியை உண்டுவிடும். மிக அகன்ற கோண லென்ஸில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்துப் பட்டை விழும், அங்கே வேண்டாம். நீர்ப்பரப்பின் பளபளப்பையும் இக்கண்ணாடி தணிக்கும். 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த சர் சி. வி. இராமன், மத்தியதரைக் கடலின் நீலம் வானத்தின் எதிரொளியா என்று சோதிக்கக் கையில் வைத்திருந்ததும் ஒளியை இவ்வாறு தடுக்கும் நிக்கல் பட்டகமே. எதிரொளியை அகற்றிய பின்னும் கடல் நீலமாகவே இருக்கக் கண்டார். மரக்காணத்துக்கு அருகே, 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியின் கரையில் நின்று நீங்களும் இக்கண்ணாடியைச் சுழற்றிப் பாருங்கள்.

மரக்காணம் என்றதும் உப்பளங்கள் நினைவுக்கு வருகின்றன. திண்டிவனத்துக்கு மேற்கே பாறை கற்பிக்கும் பாடத்துக்கு நேர் எதிரான பாடத்தைக் கிழக்கே உப்பு கற்பிக்கிறது. அங்கே தரையும் வெண்மை, வானமும் வெண்மை. ஒளிமானி இவ்வளவு வெளிச்சத்தைக் கண்டு மிரண்டு, அனைத்தையும் நடுச்சாம்பலாக்க முயலும். உப்புக் குவியல் சிமெண்டுக் குவியல் போல் விழும். இங்கே காமிரா சொல்வதைவிட ஒரு படியோ ஒன்றரைப் படியோ ஏற்றிப் பிடிக்கவேண்டும்; குடம் வழியாமல், விளிம்புவரை. மானியை நம்பாதவர்கள் பழைய வாய்பாடு ஒன்றைக் கைக்கொள்ளலாம்: நல்ல வெயிலில், துவாரம் 16 என்ற எண்ணில் நிற்க, பிலிமின் அல்லது உணர்தகட்டின் வேகம் 100 ஆனால் ஷட்டர் 1/125 வினாடி. இந்த வாய்பாடு விழும் வெயிலைக் கணக்கிடுகிறதே அன்றிப் பொருளின் நிறத்தைக் கணக்கிடுவதில்லை. ஆகவே உப்பையும் பாறையையும் கண்டு அது ஏமாறுவதில்லை.

கைப்பேசி மட்டுமே வைத்திருக்கும் மாணவர் மனம் தளர வேண்டியதில்லை. திரையில் மேகத்தின்மேல் விரலை வைத்தால் ஒளியளவு வானத்துக்கு அமையும். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலும் கீழும் நகர்த்தித் திருத்திக்கொள்ளலாம். எச்.டி.ஆர். என்னும் முறை, பல ஒளியளவுகளில் எடுத்த படங்களை நொடியில் இணைத்துத் தருகிறது. லெ கிரே இருட்டறையில் இரண்டு நெகடிவ்களைக் கொண்டு செய்ததன் வழித்தோன்றல் அது. அளவோடு செய்தால் அழகு. அளவு மீறினால் பாறை மேகத்தைவிட ஒளிர்ந்து, காட்சி நாடகத் திரைச்சீலையாகிவிடும். காற்றில் அசையும் பனையோலைகள் இரட்டையாக விழுவதும் உண்டு. பெரிய காமிரா உடையோர், கோப்பு பெரிதாயினும் ‘ரா’ வடிவத்தில் பதிவு செய்துகொள்வது நலம். இருளிலிருந்து பாறையைத் தூக்குவதற்கு இடம் மிகும்.

இன்று மென்பொருள்கள் இன்னொன்றும் செய்கின்றன. வெளுத்த வானத்தை வெட்டி எறிந்துவிட்டு, எங்கோ எடுத்த செவ்வானத்தை ஒட்டிவைக்கின்றன. டிரைப் மேகம் தீட்டவில்லையா என்று கேட்கலாம். அவருக்கு வானத்தைப் பதிவு செய்யும் பொருளே கிடையாது. நமக்கு அந்த வறுமை இல்லை. 2025ஆம் ஆண்டில் மராட்டியப் படையரண்களுள் ஒன்றாகச் செஞ்சிக் கோட்டையும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. இனி அங்கே எடுக்கப்படும் ஆயிரக்கணக்கான படங்களில், மதிலின் விரிசலையோ சரிந்த கல்லையோ காட்டும் சாட்சியாக ஏதேனும் ஒரு மாணவரின் படம் ஒரு நாள் தேவைப்படலாம். கழுவெளியில் நீர் எந்த மாதத்தில் எவ்வளவு நின்றது என்று பிற்காலத்தில் ஒருவர் அறிய விரும்பலாம். படத்திலுள்ள வானம் பருவத்தையும் பொழுதையும் கூறும். பாறையின் நிழல் இடப்பக்கம் விழ, ஒட்டிய மேகம் வலப்பக்கம் இருண்டு நின்றால் அந்தச் சாட்சியை யார் நம்புவார்? அலங்காரப் படம் வேண்டுவோர் அதை அலங்காரம் என்று சொல்லியே செய்யட்டும்.

எத்தனை நுட்பம் அறிந்தாலும் இரண்டையும் காக்க இயலாத இடமும் உண்டு. விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையை ஒட்டி மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய எவையும் இன்றிப் பிரமன், சிவன், திருமால் ஆகியோருக்கு எடுத்த கோயில் இது என்று முதலாம் மகேந்திரவர்மன் கல்லில் பொறித்துவைத்த குடைவரை அங்கே உள்ளது. உள்ளே நின்று தூண்களின் வழியே வெளியே நோக்கினால் வானம் கண்ணைக் கூசவைக்கும்; சுவரோ இருளில் மூழ்கியிருக்கும். இங்கே ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்: தூண்களை நிழலுருவாக்கி வானத்தைக் காக்கலாம், அல்லது வானத்தைப் படத்தில் சேர்க்காமல் சுவரை மட்டும் எடுக்கலாம். முக்காலி வைத்துப் பல ஒளியளவுகளில் எடுக்க விரும்புவோர் தொல்லியல் துறையின் அனுமதியை முன்னதாகவே பெறுவது நல்லது. நான் பெரிதும் விரும்புவது வேறொரு வழி. முன்னாலுள்ள தரையில் நன்றாக வெயில் விழும் பொழுதுக்குக் காத்திருப்பேன். அந்த வெயில் மண்ணிலும் பாறைத்தளத்திலும் பட்டுத் திரும்பிக் குடைவரைக்குள் புகும். உள்ளிருள் ஓரிரு படி விலகும். தூணின் அடிப்பகுதியில் இளஞ்செம்மை ஏறும். அந்தச் செம்மையைப் பிழையென்று எண்ணிக் காமிரா வெளுக்கச் செய்துவிடக்கூடும். எனவே வொயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் வெயிலுக்குரிய நிலையிலேயே நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள்.